பத்து நாள் முந்தி வந்த காயம்

சங்கிலிமேட்டில் எல்லாமே தாமதமாகத்தான் வரும். மெட்ராஸ் பாசஞ்சர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும், மழை ஒரு மாதம் தாமதமாக வரும், ரேஷன் சர்க்கரை அதற்கு மனசு வந்தால் வரும், ஆனால் கொல்லுப்பட்டறைச் சிங்கராயன் குத்துச்சண்டை மேடையில் வாங்கப்போகிற குத்துகளின் காயம் மட்டும் பத்து நாள் முந்தி, நிமிஷம் பிசகாமல் வந்து சேர்ந்துவிடும். ரயில்வே ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வரவேண்டியது வந்தது, நேரம்தான் கொஞ்சம் முந்தி, அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வாயைப் பிளந்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான், அவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் மதலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காயங்களை முதலில் பார்த்தவள் அவள், துடைத்தவள் அவள், ஊரே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு ஒற்றை ஆளாகப் பதில் சொன்னவளும் அவள்தான்.

மதலைமேரி சிங்கராயனின் மனைவி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு இருக்கை தைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை, அப்பா செத்துப்போனதும் வாரிசுக்கு வந்த வேலை. தேங்காய் நாரை உதறிப் பரப்பி, மேலே தோலை இழுத்துப் போர்த்தி, ஆணி அடிப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள், எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த இடத்தில் நாரோடு ஒரு பொடிக்கல் சேர்ந்துவிட்டது என்பதெல்லாம் தோலுக்கு மேலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஃபோர்மன் பரிசோதிக்க வந்தால் இருக்கையைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைப் பார்த்து "என்னம்மா, சரியா இருக்கா?" என்பார், அவள் தலையாட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பதினோரு வருஷத்தில் அவள் விரல் ஒரு பொய் சொன்னதில்லை.

அவள் புருஷன் சிங்கராயனோ ஆறடி இரண்டு அங்குலம், தொண்ணூற்றெட்டு கிலோ, ஹெவிவெயிட். கொல்லுப்பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவன். பட்டறையில் நெருப்புப் பொறி பட்டால் எல்லோரையும்போல அவனுக்கும் அன்றைக்கே கொப்பளிக்கும், மேடைக் குத்துக்கு மட்டும்தான் அவன் உடம்பு இப்படி அவசரப்பட்டது. ஆனால் அதுவே அவனுக்குத் தெரியாது, பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் அவன் எடைக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தவனும் முதல் ரவுண்டிலேயே படுத்துவிடுவான், அதனால் மேடையில் அவனை அதுவரை எவனும் உருப்படியாகத் தொட்டதில்லை. துறைமுகத்து எட்டியப்பனோடு சண்டை என்று முடிவான பிறகுதான் சங்கதி வெளிப்பட்டது.

சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு அவன் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தான், மதலை எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்போது அவன் வலது புருவம் தானாகப் பிளந்து காபிக்குள் ரத்தம் சொட்டியது. அவள் கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முந்தானையால் அழுத்திப் பிடித்தாள். அந்தக் கையை எடுப்பதற்குள் உதடு வீங்கியது. உதட்டில் மஞ்சள் வைத்தாள், இடது விலாவில் கன்றிச் சிவந்தது. இப்படியே ஒன்றன் பின் ஒன்றாக, கொஞ்சம் வருவதும் கொஞ்சம் ஓய்வதுமாக, அரை மணி நேரம். கடைசியில் தாடை பொம்மிக்கொண்டு வந்ததோடு நின்றது. பக்கத்து வீட்டில் என்ன என்று கேட்டார்கள், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றாள். அவர்கள் நம்பவில்லை, "என்னதான் கோபம்னாலும் பொம்பளை இப்படியா அடிப்பா" என்று இரண்டு நாள் குசுகுசுத்தார்கள். பத்து நாளில் காயம் ஆறிப்போய் முகம் பழையபடி பளிச்சென்று ஆகிவிட்டது.

அந்தப் பளிச்சென்ற முகத்தோடுதான் துறைமுகத்தில் மேடை ஏறினான். ரயில்வே பாஸ் இருக்கும்போது போய்வர என்ன கஷ்டம் என்று மதலையும் தன் பிரிவுப் பெண்களோடு போயிருந்தாள். எட்டியப்பனின் முதல் குத்து வலது புருவத்தில் விழுந்தது, அவளுக்குத் திக்கென்றது. அடுத்தது உதடு. அடுத்தது இடது விலா. தான் எந்தெந்த இடத்தில் மஞ்சள் வைத்தாளோ அந்தந்த இடத்தில், அதே வரிசையில் குத்து விழுந்துகொண்டே வந்தது, ஆனால் தோல் கன்றவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, காயம்தான் ஏற்கெனவே வந்து போய்விட்டதே. ஏழாவது ரவுண்டில் தாடையில் விழுந்ததும் சிங்கராயன் சாய்ந்தான். பத்து எண்ணி முடித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்த அந்த முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? ஒரு கீறல்கூட இல்லாமல் எவனாவது விழுவானா, ஆள் விலை போய்விட்டான் என்றது துறைமுகம். அந்தப் பேச்சு சிங்கராயனுக்கும் மதலைக்கும் முன்னாலேயே ரயிலேறிச் சங்கிலிமேட்டுக்கு வந்து இறங்கியிருந்தது. பட்டறையில் அவனோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். அவன் சம்மட்டியின் பிடியில் யாரோ சாக்குக்கட்டியால் 'விலை என்ன?' என்று எழுதிவைத்தார்கள். பதினெட்டு வயசிலிருந்து அவனைப் பழக்கிய தனராசு வாத்தியார், பாய்லர் பிரிவு மேஸ்திரி, எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடிபட்ட வலிகூட மறந்துபோகும், இது மறக்குமா? ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கினது வாங்கினதுதான் மதலை. காட்டுறதுக்குத்தான் எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மதலைக்கு வயிறு எரிந்தது. தோற்றதற்கு அவள் அழவில்லை, மனுஷன் என்றால் ஒரு நாள் தோற்கத்தான் செய்வான், ஆனால் தன்னை விற்றவன் என்ற பேரோடு அவன் அந்த ஊரில் நடமாடுவதா? மறுநாள் காலையில் நேராக வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்று, காபியில் ரத்தம் சொட்டியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஏன் தங்கச்சி இதை முன்னாடியே சொல்லல?" என்றார்.

"நம்புவீங்களாண்ணே?"

"நம்பாம? எங்க மாமியாருக்கு மழை வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே முட்டி வலிக்கும். முட்டிக்கு ரெண்டு நாள்னா முகத்துக்குப் பத்து நாள் ஆகாதா? உடம்புன்னா அப்படித்தான்."

பத்து மணிக்குள் பாய்லர் பிரிவு முழுக்க நம்பிவிட்டது, சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள் ஒர்க்‌ஷாப் முழுக்க நம்பிவிட்டது. ஆனால் நம்புவது வேறு, துறைமுகத்துக்காரர்களின் வாயை அடைப்பது வேறு. மறு சண்டை வேண்டும் என்றார் வாத்தியார். ஆச்சரியம் என்னவென்றால் எட்டியப்பன் உடனே சம்மதித்தான். அவன் மானஸ்தன். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன். "அவரு வித்தாருன்னா அப்ப நான் வாங்கினேன்னுதானே அர்த்தம்? நான் அடிச்சேன்யா, என் தோள்பட்டையைக் கேளுங்க" என்று சொல்லியனுப்பினான். சங்கிலிமேடு மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, எட்டு ரவுண்டு என்று முடிவானது.

அப்படியானால் அதற்குப் பத்து நாள் முந்தின வியாழக்கிழமை ஐந்து மணிக்குச் சண்டை சிங்கராயனின் உடம்பில் நடக்கும். இதை ஊர் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்! ரயில்வேக்காரர்கள் கூடுகிற இன்ஸ்டிட்யூட் கூடத்துச் சாவியை வாங்கினார்கள், பெஞ்சு போட்டார்கள், பெண்களுக்குத் தனியாக இடது பக்கம் ஜமக்காளம் விரித்தார்கள். ஆயிரம் ஜோடிக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எவன் விலை போனான் என்று சொல்வான் என்பது மதலையின் கணக்கு. ஊருக்கோ வேறு ஆசை, யார் ஜெயிப்பார்கள் என்பது பத்து நாள் முன்னாலேயே தெரிந்துவிடுமே! ஓய்வுபெற்ற கார்டு ராட்ரிக்ஸ், முப்பது வருஷம் பச்சைக்கொடி காட்டினவர், தன் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஸ்டேஷன் மணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பவுண்டர் நாகசாமி பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு வந்தார்.

சிங்கராயன் இடுப்பில் சிவப்பு நிஜாரோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அங்கேதான் வாத்தியார் அந்தக் காரியத்தைச் செய்தார். அவன் இரண்டு கையிலும் பட்டித்துணியை இறுகச் சுற்றி, அதன்மேல் கிளவுஸ் மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினார். ஸ்டூலில் உட்கார்கிற பாக்ஸர் வெறுங்கையோடு உட்காரக் கூடாது, அது மேடைக்கு அவமரியாதை, அவர் குரு அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் அது தப்பு என்று யாருக்கும் படவில்லை. சிங்கராயன் மட்டும் சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கூப்பிட்டான்.

"மதலை, இங்க வா. இந்தக் கையைப் பிடிச்சுக்க."

அவள் வலது பக்கம் உட்கார்ந்து அவன் வலது கிளவுஸைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். ராட்ரிக்ஸ் மணியடித்தார்.

முதல் ரவுண்டில் இடது புருவம் வெடித்தது. கூடமே "ஆ" என்றது. நாகசாமி பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினார், வாத்தியார் "ரவுண்டு முடியல, தொடாதய்யா" என்று அதட்டினார். இரண்டாவதில் மூக்கிலிருந்து ரத்தம். மூன்றாவதில் வலது விலாவில் அடுத்தடுத்து இரண்டு. நாலாவதில் கீழுதடு. ஐந்தாவதில் ஒன்றுமே இல்லை, மூன்று நிமிஷமும் சும்மா உட்கார்ந்திருந்தான், பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி "இப்ப நம்மாளு நல்லா குடுக்குறாரு போல" என்றாள், எல்லோரும் கைதட்டினார்கள். ஆறாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் இடது தாடை பொம்மிக்கொண்டு எழும்பியது, முதல் சண்டையைவிடப் பெரிசாக, பார்த்தவர்கள் தங்கள் தாடையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ராட்ரிக்ஸ் ஏழாவதுக்கு மணியடித்தார், எட்டாவதுக்கு அடித்தார், ஊகும்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். தாடையோடு முடிந்தது என்றால் என்ன அர்த்தம்? விழுந்துவிட்டானா, இல்லை அதற்கப்புறம் இவன் அடித்ததில் எட்டியப்பன் விழுந்துவிட்டானா? வாங்குகிற பாதிதான் இந்த உடம்பில் தெரிகிறது, கொடுக்கிற பாதி எங்கே? கையைப் பாருங்கள், அடித்திருந்தால் முட்டி வீங்கியிருக்கும் என்று ஒருவன் சொன்னான். கிளவுஸைக் கழற்றிப் பட்டித்துணியைப் பிரித்தார்கள். இரண்டு கையும் சுத்தமாக இருந்தன.

"போச்சு. ஒரு குத்துகூட விடல" என்றது ஒரு கூட்டம்.

"பட்டித்துணி எதுக்குக் கட்டுறோம்? கை வீங்காம இருக்கத்தானே?" என்றார் வாத்தியார்.

"யோவ் வாத்தியாரே, நீ வெறுங்கையா உட்கார வச்சிருந்தா இந்நேரம் முடிவு தெரிஞ்சிருக்கும்யா!"

"வெறுங்கையோட ஸ்டூல்ல உட்கார்றதா? என்னய்யா பேசுறீங்க, இது என்ன சலூனா?"

ராட்ரிக்ஸ் கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எஞ்சின் பாதி வழியில நின்னுருச்சு மேன்" என்று எழுந்து போனார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. விழுவான் என்பவர்கள் ஒரு பெஞ்சு, விழமாட்டான் என்பவர்கள் ஒரு பெஞ்சு. சலூனில் பாதி சவரத்தோடு எழுந்து போனவர்கள் உண்டு. ஒருத்தர் மீசையைப் பந்தயம் வைத்தார், மீசையே இல்லாத ஒருத்தர் அதற்கு எதிராக வளர்த்துக் காட்டுவதாகப் பந்தயம் வைத்தார். மதலையை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கைக்குள்தான் அந்த வலது கிளவுஸ் அரை மணி நேரமும் இருந்தது, அவள் விரலுக்குத்தான் தோலுக்கு அடியில் நடக்கிறதெல்லாம் தெரியும், இருந்தும் கேட்கவில்லை, கேட்காததும் நல்லதுதான் என்று அவள் இருந்தாள். ஏனென்றால் அவளுக்குத் தெரியும். தாடை எழும்பின பிறகு அவள் அந்த நாலு முட்டியையும் ஒவ்வொன்றாக விரலால் தேடினாள். ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் எழும்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சிங்கராயன் முகமெல்லாம் மஞ்சளோடு பாயில் படுத்துக்கொண்டு சொன்னான், "நான் ஏறல மதலை. வாத்தியார்கிட்ட சொல்லிரு. மறுபடியும் முகத்துல கீறல் இல்லாம விழுந்தேன்னா ஊரு பாத்தது பாத்ததுதான், ஆனா துறைமுகத்துக்காரன் என் மூஞ்சியில காறித் துப்புவான். அதுக்கு நான் ஏறாமலே இருந்துர்றேன்."

ஏறாமல் இருந்தால் மட்டும் என்னவாம்? பயந்தாங்கொள்ளி, முதல் தடவை விற்றதும் நிஜம்தான் என்பார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஷிப்டு மாறுகிற நேரம், ஒர்க்‌ஷாப் வாசல் டீக்கடையில் இரண்டு பெஞ்சும் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மதலை நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கிளவுஸ் என் கையிலதான் இருந்துச்சு. தாடை எழும்பிக் கொஞ்ச நேரத்துல உள்ள முட்டி எழும்பிச்சு. கயித்தை அவுக்கிறதுக்குள்ள வடிஞ்சு போச்சு. வலது கை. ஒரே குத்து."

அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த விரலின் பேரை அந்த ஒரு நிமிஷத்தில் முழுசாக எடுத்துப் போட்டாள். ஃபோர்மன் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த விரல் சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்றார். விழுவான் என்ற பெஞ்சுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவனிடமும் அதையே சொன்னாள். அன்றைக்கு அவன் உடம்பில் வலிக்காத இடமே இல்லை, அத்தனை வலியில் இது எங்கே தெரியப்போகிறது என்று அவளுக்குத் தைரியம். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான், தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எழுந்து உட்கார்ந்து சோறு போடச் சொன்னான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீதி ஆறு நாளும் சங்கிலிமேடு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! இன்ஸ்டிட்யூட் சுவரில் ரயில் நேரப் பலகை மாதிரி கட்டம் போட்டு எழுதினார்கள், ரவுண்டு ஒன்று இடது புருவம், ரவுண்டு இரண்டு மூக்கு, ரவுண்டு மூன்று வலது விலா இரண்டு, ரவுண்டு நாலு கீழுதடு, ரவுண்டு ஐந்து நிற்காது, ரவுண்டு ஆறு இடது தாடை, அப்புறம் வலது கை, பயணம் முடிவு. கயிறு தாண்டுகிற பெண் பிள்ளைகள் அதே வரிசையைப் பாட்டாகச் சொல்லித் தாண்டினார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, ஞாயிறு மாலைப் பூசையை நாலு மணிக்கே வைத்துவிடுவதாக அறிவித்தார். வெற்றி ஊர்வலத்துக்கு மேளம் சொல்லியாகிவிட்டது, அது தாமதமாக வரும் என்பதால் ஒரு மணி நேரம் முந்தியே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் விழாது. துறைமுகத்துக்காரர்கள் இரண்டு பெட்டி நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். சிங்கராயன் மேடை ஏறியதும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவையாவது கொஞ்சம் சாயம் பூசிக்கிட்டு விழு" என்று கத்தினார்கள். மதலை மேடைக்கு நாலு முழம் தள்ளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மணியடித்தது. ஐம்பத்தைந்து விநாடிக்கு ராட்ரிக்ஸ் கையைத் தூக்கினார், ஊரே எழுந்து ஒரே குரலில் "இடது புருவம்!" என்றது, எட்டியப்பனின் வலது கை போய் அங்கேயே விழுந்தது. துறைமுகத்துக்காரர்களின் பக்கம் சட்டென்று அடங்கியது. எட்டியப்பன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். இரண்டாவதில் "மூக்கு!" என்றார்கள், மூக்கு. மூன்றாவதில் "வலது விலா, ரெண்டு!" என்று கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்து, வேண்டுமென்றே முகத்துக்குக் குறிவைத்து வீசினான், அந்த நேரம் பார்த்துச் சிங்கராயன் கால் மாற்றி உடம்பைத் தூக்க, இரண்டும் வலது விலாவில்தான் போய் விழுந்தன. அதற்கப்புறம் பாவம் அவன் ரோஷத்தையெல்லாம் விட்டுவிட்டான். மேஸ்திரி சொல்கிற மூட்டையைத் தூக்குகிற மாதிரி, ஊர் சொன்ன இடத்தில் அடித்தான். நடு நடுவே சிங்கராயனும் கொடுத்தான், நன்றாகவே கொடுத்தான், எட்டியப்பனின் கண் ஒன்று மூடிக்கொண்டு வந்தது. சிங்கராயன் முகம் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

ஆறாவது ரவுண்டு. ஒரு நிமிஷம் முப்பது. ராட்ரிக்ஸ் கையைத் தூக்கவில்லை, அவருக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் நாற்பதுக்கு மைதானம் மெல்லிய குரலில், கெஞ்சுகிற மாதிரி, "இடது தாடை" என்றது. விழுந்தது. சிங்கராயன் இரண்டு அடி பின்னால் போய், முழங்கால் மடிந்து, முகம் குப்புற விழுந்தான்.

"ஒண்ணு" என்றார் நடுவர்.

சங்கிலிமேட்டு மைதானத்தில் அத்தனை பேரும் மேடையைப் பார்க்கவில்லை, மதலையைப் பார்த்தார்கள். அவள் சொன்னதுதானே அடுத்தது? இனிமேல் ஒன்றும் இல்லை என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்தக் கையை அரை மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். மூணு என்றார் நடுவர், நாலு என்றார். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து எவனோ "கீறல் இருக்கா பாருடா!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்று, தொண்டை கிழிய, "வலது கை!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. "வலது கை! வலது கை!" கம்பவுண்டர் கத்தினார், ஃபோர்மன் கத்தினார், பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஆறுக்குச் சிங்கராயன் தலையைத் தூக்கினான். கூட்டத்தில் தேடி அவள் முகத்தைப் பார்த்தான். எட்டுக்கு எழுந்து நின்றான்.

எட்டியப்பனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சாயங்காலம் முழுக்க இந்த ஊர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை, அவன் கையே அவன் பேச்சைக் கேட்கவில்லை, இப்போது அதே ஊர் வலது கை என்கிறது. அவன் கையைத் தூக்கி முகத்தை மூடலாமா என்று யோசித்தான், மூடி என்ன ஆகப்போகிறது என்று யோசித்தான், அந்த இரண்டு யோசனைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் சம்மட்டி பிடிக்கிற அந்த வலது கை தொண்ணூற்றெட்டு கிலோவோடும் சேர்ந்து வந்து இறங்கியது. பத்து எண்ணி முடித்தபோது எட்டியப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மேளம் இன்னும் வந்திருக்கவில்லை, ஆனால் யார் அதைத் தேடினார்கள்? மேடைமேல் ஏறியவர்களின் எடையில் பலகை முறிந்தது. வாத்தியார் அழுதுகொண்டே சிங்கராயனின் கிளவுஸைக் கழற்றினார். வலது கையின் பட்டித்துணி சிவப்பாக நனைந்திருந்தது. பிரித்தார். நடுவிரல் முட்டி வெடித்து, தோல் வழன்று, ரத்தம் மணிக்கட்டு வழியாக ஓடிச் சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற துறைமுகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாயம் பூசச் சொன்னவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

மதலை கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள். பத்து நாளைக்கு முன்னால் வராத காயம். விரலால் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது.

சிங்கராயன் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான், "அன்னிக்கு என் கை வலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதாடி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன் ஏறுனீங்க?"

"ஊர் முழுக்க உன் பேச்சை நம்பி நின்னுச்சு. என் பேரு போனா போகட்டும். உன் விரலு பொய்ன்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாதுல்ல. கீழ கிடந்தப்ப அது ஒண்ணுதான் நெனப்புல இருந்துச்சு."

மதலை எல்லோர் எதிரிலும், பங்குச்சாமியார் எதிரிலும், அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கன்னமெல்லாம் ரத்தமானது.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது" என்றான் சிங்கராயன், முகமெல்லாம் சிரிப்பாக. "இப்பத்தாண்டி வலிக்குது."